கொல்லிமலை நொடி

நொடி என்பது உலகம் முழுவதும் ஒரே நீளம்தான் என்று விஞ்ஞானிகள் அப்பாவித்தனமாக நம்பிக்கொண்டிருந்த 2004ஆம் ஆண்டில், அதை நான்கு மடங்கு நீட்டிக் காட்டிய பெருமை கொல்லிமலைக்கே உரியது. அந்த அரிய சாதனையைக் கெடுக்கப் பார்த்தவள் நசீபா.

அவள் அடிவாரத்து மளிகைக் கடைக்காரர் அபுதாஹிரின் மகள். தொலைமருத்துவத் திட்டத்தின் ஒரே மென்பொருள் பொறியாளர். மலைமேல் திருப்புலி நாடு என்ற ஊர்த்தொகுதியின் சுகாதார நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர். அடிவார ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. நோயாளியின் குரலைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக நறுக்கி, எந்த பாக்கெட்டை எப்போது மலையிறக்குவது என்று ஒரு மென்பொருள் தீர்மானிக்கும். அதன் நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வது நசீபாவின் வேலை. மாதாந்திர அறிக்கைகளில் தாமதம் ஒரே நொடி என்றிருந்ததால், தன் வேலையைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஒருநாள் மலையேறிப் போனபோது, ஏழு மாதக் கர்ப்பிணி ஜெயசுதா மைக் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"காலு வீங்கியிருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆமாங்க."

பதில் வரக் காணோமே என்று டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போனார். "நல்லாச் சாப்பிடுறியா?"

இப்போதுதான் முதல் 'ஆமாங்க' கீழே போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. ஜெயசுதா "இல்லீங்க" என்றாள். அது, "தலைவலி உண்டா?" என்ற கேள்விக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்தது.

"ரொம்ப நல்லது. போயிட்டு வாம்மா."

"அய்யோ, அந்த 'ஆமா' காலுக்குச் சொன்னதுங்க!" என்று நர்ஸ் மாதம்மாள் கத்தினாள். அந்தக் கத்தல் கீழே இறங்கும்முன் டாக்டரம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"தினமும் இந்தக் கூத்துதான் கண்ணு" என்றாள் மாதம்மாள். "போன வாரம் மூக்கொழுகுற பையனுக்குப் பேதி மாத்திரை எழுதிட்டாங்க."

நசீபா இரண்டு நாள் தங்கிக் கோளாறைக் கண்டுபிடித்தாள். மலையில் பாதி நாள் கரண்ட் இருக்காது. அது போனதும் கம்ப்யூட்டர் பேட்டரியைச் சேமிக்கத் தன் வேகத்தைக் கால்வாசியாக்கிக்கொண்டது. அந்த வேகத்தை வைத்தே மென்பொருள் நேரத்தை எண்ணியது. ஆகவே நான்கு நொடி போனால் அது ஒன்று என்று எண்ணி, பாக்கெட்டுகளை ஆற அமரப் பிடித்து வைத்தது. அறிக்கையையும் அதே எண்ணிக்கைதான் தயாரித்தது. தவறு செய்தவரே தணிக்கையும் செய்யும் இந்த உயர்ந்த ஏற்பாட்டில் குறை தெரிய வழியேது?

அவள் மென்பொருளை வேகம் மாறாத வேறொரு கடிகாரத்தோடு இணைத்தாள். நான்கு நொடி இரண்டாகக் குறைந்தது; மிச்சமிருந்தது மலையிறங்கும் லைன் எடுத்துக்கொள்ளும் நேரம். டாக்டரம்மாவின் கேள்விக்கு அதற்குரிய பதிலே கிடைத்தது. "கால் வீக்கமா? முன்னாடியே ஏன் சொல்லல?" என்று அவர் ஜெயசுதாவைக் கோபித்துக்கொண்டார். வாரம் ஒருமுறை பேச வேண்டும், தலைவலி வந்தால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த மாத அறிக்கையைப் பார்த்து திட்ட இயக்குநர் சிவபிரகாஷ் செம்மேட்டில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஏம்மா நசீபா, போன மாசம் தாமதம் ஒரு நொடி. இந்த மாசம் ரெண்டு. நீ ரிப்பேர் பண்ணினியா, ரிப்பேர் ஆக்கினியா?"

"சார், போன மாசம் நெசமா நாலு நொடிங்க சார். மிஷின் தப்பா எண்ணிச்சு."

"தப்பா எண்ணும்போது ஒண்ணுன்னுச்சு. சரியா எண்ணும்போது ரெண்டுங்குது. அப்ப எதும்மா நல்ல மிஷின்?"

நசீபா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "பழையபடி மாத்தி ஒருக்காப் பேசிப் பாப்போம் சார். நீங்களே எண்ணுங்க."

"இது யாரு வாட்ச்சு?"

"எங்க அத்தா வாங்கிக் கொடுத்ததுங்க."

'தனியார் கடிகாரம்' ஆதாரமாகாது என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. பிறகு சிவபிரகாஷ் குரலைத் தணித்துக்கொண்டார். "விதிப்படி ஒன்றரை நொடிக்கு மேல போனாத் திட்டத்தையே மூடிருவாங்க. பெரக்கரை நாட்டுக்கும் எடப்புளி நாட்டுக்கும் அடுத்து வர வேண்டிய மிஷினும் வராது. லேட்டா வர்ற டாக்டர் வேணுமா, வராத டாக்டர் வேணுமா? நீயே சொல்லு சாமி."

ஒன்றுமில்லாததற்குத் தாமதமான குரல் மேல் என்று நசீபா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நியாயம் எவ்வளவு விரைவாக வந்து சேர்ந்தது என்பதைக் கவனித்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் தன் குரலை மாற்றிக்கொண்டு பேசுகிறதோ என்றும் தோன்றியது. அதை விசாரிக்க அவள் நேரம் ஒதுக்கவில்லை. அன்று மாலையே பழைய எண்ணிக்கையைத் திரும்ப வைத்தாள். அறிக்கை உடனே ஆரோக்கியம் அடைந்தது. திட்டக் குழு அவளுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது.

அடுத்த வாரம் மாதம்மாள் முகாம் வேலையாக எடப்புளி நாடு போயிருந்தாள். ஜெயசுதா தன் கணவன் வேலப்பனுடன் வந்து மைக் முன் உட்கார்ந்தாள். வீக்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆமாங்க' என்றாள். சாப்பிட முடிகிறதா என்றதற்கு 'இல்லீங்க' என்றாள். தலைவலிக்கு 'ஆமாங்க, ரெண்டு நாளா' என்றாள். ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வி தள்ளிப் போய் விழ, கீழே டாக்டரம்மாவுக்கு, அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், தலைவலி இல்லை, குழந்தை இரண்டு நாளாக நன்றாக அசைகிறது என்று கேட்டது.

"வீக்கம் வடிஞ்சிருச்சுபோல. ரொம்ப நல்லது, போயிட்டு வாம்மா."

"தலை வெடிக்குதுங்குறா, டாக்டரம்மா நல்லதுங்கறாங்களே?" என்றான் வேலப்பன், அணைந்த மைக்கிடம்.

"படிச்சவங்களுக்குத் தெரியாதாக்கும். வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் ஜெயசுதா.

நான்காம் நாள் வலிப்பு வந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தாய் பிழைத்தாள்.

விசாரணைக் குழு மிகுந்த பொறுப்புடன் கூடி, தாமதம் யாரால் ஏற்பட்டது என்று ஆராய்ந்தது. நோயாளியின் குடும்பம் மூன்று நாள் தாமதித்ததாகவும், திட்டத்தின் தரப்பில் தாமதம் ஒரே ஒரு நொடிதான் என்றும் ஐயமற நிறுவியது. அதற்குச் சான்றாக ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில், 'நேரத்தைச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில், நிதானமாக, அழகாக, நசீபாவின் கையெழுத்து இருந்தது.