லேசோவில் சாய்ந்த ஏணி

டென்மார்க்கின் வட ஜட்லாந்து மண்டலத்தை ஏற்காட்டில் உட்கார்ந்தபடி ஆண்ட ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்தான். எல்லோரும் அவரை டென்மார்க்கார் என்போம். அப்போதெல்லாம் அந்த நாட்டுப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை.

மகளுக்கு அங்கே ஆல்போர்க் ஊரில் நர்ஸ் வேலை கிடைத்த அன்று பிடித்த பித்து அது. "புள்ள இருக்கற எடம் தெரியாம சோறு எறங்குமாங்க?" என்று மேப்பை விரித்தார். அந்த மண்டலத்தில் பதினொரு நகராட்சிகள். எங்கள் எஸ்டேட் காட்டையும் பதினொரு பிளாக்குகளாகத்தான் பிரித்திருந்தார்கள். போதாதா? ஆபீஸ் இருந்த பிளாக், மண்டலத் தலைமையிடமான ஆல்போர்க் ஆனது. ஓடை சுற்றிவரும் மிளகுக்காடு, லேசோ என்ற தீவு ஆனது. எண் பலகைகளைக் கழற்றிப் பெயர்ப் பலகைகளை மாட்டினார். மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள், நேற்று தீஸ்டெட்டில் களை எடுத்தாயிற்று, இன்றைக்கு ஆல்போர்க்தான் வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள்.

டென்மார்க்கில் ஒரு மண்டலத்துக்கு முக்கிய வேலையே ஆஸ்பத்திரி நடத்துவதாம். அதனால் ஆபீஸ் சுவரில் ஒரு முதலுதவிப் பெட்டியை மாட்டி, தன்னையே மண்டலத் தலைவராகவும் ஆக்கிக்கொண்டார்.

புதிதாக வந்த மேனேஜர் வேலைப் பதிவேட்டைத் திறந்தார். 'லேசோ: மிளகு பறிப்பு.' கோபம் உச்சிக்கு ஏறியது. நாளைக்குள் பழைய எண்கள் வராவிட்டால் ரைட்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். டென்மார்க்கார் முகம் செத்துப்போய், பலகைகளைக் கழற்றத் திருப்புளி தேடினார்.

அப்போது போன் அடித்தது. மிளகு பறிக்கப் போன ஆள் ஒருவன் பேசினான். "லேசோவுல ஏணி சாஞ்சிருச்சுங்க. சடையன் கால் ஒடிஞ்சு கெடக்கறானுங்க."

எத்தனையாவது பிளாக் என்று மேனேஜர் கத்தினார். பழைய எண் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. ஜீப் டிரைவர் அதற்கெல்லாம் நிற்கவில்லை. டென்மார்க்கார் பெட்டியோடு பின்னால் தாவி ஏறினார். மேனேஜர் எஸ்டேட் வரைபடத்தை விரித்து முடிப்பதற்குள் சடையன் அந்த ஜீப்பில் குப்பனூர் மலை ரோடு வழியாகச் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மேனேஜர் மெல்ல வந்தார். "ஏனுங்க ரைட்டரே, மிச்சம் பத்து பிளாக்கோட பேரையும் எழுதிக் குடுங்க."

இப்போது டென்மார்க்கார் ஓய்வு பெற்று மகளிடமே போய்விட்டார். போன மாதம் கூப்பிட்டார். "நொம்பச் சமதரைங்க. ஒரு கொண்டை ஊசி வளைவுகூட இல்ல, என்னத்தப் பாக்கறது?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏனுங்க, லேசோவுல மழைங்களா?" என்றார்.

அசல் லேசோ அவருக்குப் பக்கத்துக் கடலில்தான் கிடக்கிறது. அவர் கேட்டது எங்கள் லேசோவை. "மழைங்க, நீங்க வாங்க" என்றேன்.