கிடாய் தலையைச் சிலுப்பினால் விற்கலாம்

உலகத்தில் எத்தனையோ பேர் ஷேர் விற்றிருக்கிறார்கள். ஆட்டிடம் உத்தரவு வாங்கி விற்றவர் எங்கள் கெடா மேஸ்திரி ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஏழு பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஷேர் வாங்கினோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் ஃபாரம் நிரப்புவது என் வேலை. வாங்குவதில் சண்டையே இல்லை. எப்போது விற்பது என்பதில்தான் ஏழு பேருக்கு எட்டுக் கருத்து.

கடைசியில் எங்கள் ஏழு பேரில் ஒருவரான ஃபவுண்டரி மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார். அன்னூர்க்காரர், முன்பு ஆட்டு வியாபாரம் செய்தவர்.

"ஏனுங்க, சாமிக்குக் கெடா வெட்டறப்ப தண்ணி தெளிச்சு, அது தலையச் சிலுப்புனாத்தானுங்க வெட்டறோம்? ஒரு உசுருக்கே உத்தரவு கேக்கறோம். ஏழு பேரு காசுக்குக் கேக்க வேண்டாமுங்களா?"

மறு வாரமே ஒரு கறுப்புக் கிடாய் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் அதன் தலையில் மூன்று கை மஞ்சள் தண்ணீர். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பிவிடும்; அது கள்ள உத்தரவாம். அதனால் இரண்டு காதுகளையும் மேஸ்திரியே பொத்திக்கொள்வார்.

கோடை வெயிலுக்கு அந்தத் தண்ணீர் சுகமாக இருந்திருக்க வேண்டும். கிடாய் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். விலை ஏறியது, கிடாய் நின்றது. விலை இறங்கியது, அப்போதும் கிடாய் நின்றது. ஒருநாள் கம்பெனி அனுப்பிய ஆண்டறிக்கையில் பாதியைத் தின்றுவிட்டது.

"பாருங்க, எல்லாத்தையும் மென்னு பாத்துப்போட்டுத்தான் முடிவு சொல்லும்" என்றார் மேஸ்திரி.

"பேப்பர்ல விக்கச் சொல்லி எழுதியிருக்கானுங்க" என்றார் டர்னர் ரங்கசாமி.

"எழுதுனவன் குளிச்சுப்போட்டு எழுதுனானுங்களா? நம்ம கெடா வெள்ளிக்கெழமையானா குளிக்குதுங்க."

ஜூன் மாதம் என் தங்கைக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். என்னிடம் இருந்ததெல்லாம் அந்த ஷேரில். விற்றாலும் பணம் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். அந்த வெள்ளியை விட்டால் வழியில்லை.

மேஸ்திரியிடம் சொன்னேன்.

"நானென்ன பண்றது கண்ணு. கெடாதான சொல்லோணும்" என்றுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

வெள்ளிக்கிழமை, "இன்னைக்கு நீயே தண்ணி ஊத்து கண்ணு" என்றார். முதல் கை. இரண்டாவது கை. கிடாய் கோயில் சிலை மாதிரி நின்றது.

"இருங்க, வேட்டி அவுந்துபோச்சு" என்று காதுகளை விட்டவர், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கட்டத் தொடங்கினார். கட்டினார், கட்டினார், ஒரு கல்யாண மாப்பிள்ளை கட்டும் நேரம் கட்டினார். மூன்றாவது கைத் தண்ணீர் நேராகக் காதுக்குள் போனது. கிடாய் சிலுப்பிய சிலுப்பில் ஐந்து சட்டைகள் மஞ்சள் ஆயின.

"உத்தரவு ஆயிப்போச்சுங்க. வித்துப்போடலாம்."

விற்றோம். தங்கை சேர்ந்தாள். அடுத்த மாதமே அந்த ஷேர் ஒன்றரை மடங்கு ஏறியது.

"நல்ல கெடாயப் புடிச்சீங்க மேஸ்திரி" என்று ஐந்து பேரும் வருஷக்கணக்கில் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள்.

"ஆடுதானுங்களே. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க" என்பார் அவர்.

காதில் தண்ணீர் போனதைக் கிடாயும் சொல்லவில்லை. கடைசிவரை அவரும் சொல்லவில்லை.