கெட்டி ஈயமும் விளைமீனும்

இந்தக் கோடையில் தன்ரை துவக்குக்குத் தானே குண்டு வார்ப்பதென்று சிவநேசம் முடிவெடுத்தார். சும்மா குண்டு இல்லை. ஒலியை விட மெதுவாகப் போகிற குண்டு. காதும் தப்பும், தோளும் தப்பும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ ஊரிலிருந்து சனிக்கிழமைகளில் துவக்குச் சுடுகிற கழகத்துக்குப் போகும் வீரர்களில், வெடிச் சத்தத்துக்குக் கண்ணை மூடுகிறவர் அவர் ஒருவர்தான்.

மனைவி அஜந்தாவிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

"குண்டு மெதுவாப் போகவேணும். அதுதான் விசயம்."

அஜந்தா அவருடைய வயிற்றைப் பார்த்தாள். "இப்பவும் மெதுவாத்தானே போகுது."

"பகிடி விடாதேயும். நான் ஈயம் உருக்கப் போறன்."

"குண்டு வார்க்கிற அலுவல் இந்த வளவுக்குள்ள வேண்டாம்."

பேச்சு முடிந்தது. சிவநேசத்தின் மூளை ஓயவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணி குடித்தபடி வேறு கதை விட்டார்.

"இனிச் சனிக்கிழமையில மீன் பிடிக்கப் போறன். தூண்டிலுக்குக் கட்டுற ஈயம் கொஞ்சம் வார்க்கவேணும்."

"மீனோ? அப்ப நல்லது. பின்வளவில, காத்துப் போற இடமாப் பார்த்து முகமூடி போட்டு உருக்குங்கோ. கை கழுவாமல் உள்ளுக்க வரப்படாது."

இவ்வளவு இலேசாக அவள் ஒருநாளும் சம்மதித்ததில்லை. சந்தோசத்தில் சிவநேசம் அதைக் கவனிக்கவில்லை.

கழகத்துச் சிநேகிதன் வலன்ரைன் வந்து, சிவநேசம் சேர்த்து வைத்திருந்த இரண்டு வாளி ஈயத்தையும் எட்டிப் பார்த்தான். ஒன்றில் பழைய தண்ணீர்க் குழாய் ஈயம். நகத்தால் கீறினாலே கோடு விழும். மற்றதில் மூடின அச்சகமொன்றின் எழுத்து ஈயம், கல்லுப்போலக் கெட்டி.

"மெதுவாப் போற குண்டுக்கு மென்மையான ஈயந்தான் அண்ணை. வெடிமருந்து தள்ளேக்க அது கொஞ்சம் உப்பிக் குழலோட பொருந்தும். கெட்டியெண்டால் உப்பாது. பக்கத்தால சூடு போய் ஈயத்தைக் குழல் முழுக்க அப்பிவிடும்."

"நகத்துக்கே தாங்காதது குறிக்குத் தாங்குமோ?" என்றார் சிவநேசம். கெட்டி ஈயமே அடுப்பில் ஏறியது. குண்டுகள் வெள்ளிபோலப் பளபளத்தன. அவர் அவற்றைக் குழந்தைகள்போலத் துடைத்து அடுக்கினார்.

கழகத்தில் ஒன்றுகூடக் குறிக்குக் கிட்டப் போகவில்லை. ஒன்று பக்கத்து ஆளின் குறி அட்டையைத் துளைத்தது. அந்த ஆள் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். மிச்ச நேரமெல்லாம் சிவநேசம் குழலுக்குள் ஒட்டின ஈயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில்தான் மீன் ஞாபகம் வந்தது. தமிழ்க் கடையில் விளைமீன் வாங்கிக்கொண்டு போனார். அஜந்தா மணந்து பார்த்து, "நல்ல புதுசு" என்றாள். வலன்ரைனின் பேச்சைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் சனிக்குச் சனி அதே கெட்டி ஈயம், அதே தேய்ப்பு, அதே மீன் கடை. வீட்டில் மட்டும் அருமையான குழம்பு.

ஒரு சனிக்கிழமை தோள் நோவோடு வந்து மீன் பையை மேசையில் வைத்தார். அஜந்தா உள்ளே பார்த்தாள்.

"ஆத்திலதானே பிடிச்சனீங்கள்?"

"ஓம். பெரிய ஆறு."

"கடல் மீன் ஆத்தில. அதுவும் செதில் கழட்டி, துண்டு போட்டு."

சிவநேசம் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் தேடினார். போத்தல் கண்முன்னேதான் இருந்தது.

"நீங்கள் ஈயம் உருக்கின அண்டைக்கே வலன்ரைனுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான்," என்றாள் அவள், கோபமே இல்லாமல்.

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

"ஏன் பேசவேணும்? சனிக்கிழமையில வீடும் அமைதி, மீனும் வெட்டினபடி வருது."

சிவநேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று நெஞ்சு இலேசானது. கதிரையை இழுத்துப்போட்டு ஆறுதலாக இருந்தார்.

"அடுத்த முறை அவன் சொன்ன மென்மையான ஈயத்தில குண்டு வார்த்துக்கொண்டு போங்கோ," என்றாள் அஜந்தா, சட்டியை அடுப்பில் வைத்தபடி. "வரேக்க இறால் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. கோது கழட்டினதாப் பார்த்துப் பிடியுங்கோ."