வானிலை ஆபீஸ் சூசைமாணிக்கம்

“ஏனுங்க, நாளைக்கு ஏற்காட்டுல மழை வருங்களா?”

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்ற சூசைமாணிக்கம், “ராங் நம்பருங்க” என்று சொல்லி போனை வைத்தார். காலையிலிருந்து இது ஏழாவது. ஏழு பேருக்கும் ஊர் வேறு வேறு, கேள்வி மட்டும் ஒன்றுதான்.

சூசைமாணிக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து கிளியூர் போகும் சரிவில் பத்து நிமிட நடையில் வீடு. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஓசூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, “சாப்டீங்களாப்பா? சரி, வெச்சுடறேன்” என்பான். மற்ற ஆறு நாளும் அந்த போன் மணி பார்க்கத்தான் பயன்பட்டது. அக்கம்பக்கத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று விசாரிக்கும் வழக்கமும் மனைவியோடு போய்விட்டது.

மீதி முகத்தையும் சிரைத்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் போனார். பஸ் நிற்கும் இடத்தில் புதிதாக ஒரு போர்டு. ‘ஏற்காடு வானிலை அறிய அழைக்கவும்’ என்று எழுதி, அதன் கீழே கொட்டை எழுத்தில் அவருடைய நம்பர்.

டீக்கடை வேலுசாமிதான் கடைக்காரர் கமிட்டிக்குச் செயலாளர். அவரைப் பிடித்தார்.

“என் நம்பரை எதுக்குங்க எழுதி வெச்சிருக்கீங்க?”

வேலுசாமி கண்ணைச் சுருக்கிப் போர்டைப் பார்த்தார். “எங்க கமிட்டி ஆளு நம்பரைத்தானுங்க குடுத்தோம். பெயிண்டரு கடைசி நம்பரை மாத்திப் போட்டுட்டானாட்ட இருக்குது.”

“அழிச்சு எழுதச் சொல்லுங்க.”

“அவன் கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டானுங்க. வர்ற வரைக்கும் ரெண்டு வார்த்தை நீங்களே சொல்லுங்களேன். எஸ்டேட்ல மழை அளந்தவருதானுங்களே.”

கோபத்தோடு வீடு திரும்பியவருக்குப் பூட்டைத் திறக்கும்போது ஒன்று உறைத்தது. இன்று ஒரு காலைப் பொழுதில் பேசிய அளவுக்குப் போன மாதம் முழுவதும் அவர் யாரோடும் பேசியதில்லை.

எட்டாவது போன் வந்தது.

“சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு இருவது சென்ட் எதிர்பாக்கலாமுங்க. குடை எடுத்துட்டு வாங்க.”

எஸ்டேட்டில் மழையை அப்படித்தான் அளப்பார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம். அது தெரியாமல், போனில் இருந்த நாமக்கல்காரர், “இடம் வாங்க வரலீங்க, சும்மா சுத்திப் பாக்கத்தான்” என்று சொல்லி போனை வைத்தார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அன்றிலிருந்து டிவி செய்தியை நோட்டும் பேனாவுமாகப் பார்த்தார். வெப்பச்சலனத்தால் இரண்டு நாளைக்கு இடி மின்னலுடன் கோடை மழை, அதன்பின் வெப்பம் படிப்படியாகக் குறையும் என்றார்கள். அதையே ஈரோட்டுக்கும் தருமபுரிக்கும் ஒப்பித்தார். சிலர் ‘சார்’ என்றார்கள். ஓய்வு பெற்றபின் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பெண் குரல்.

“வானிலை ஆபீஸுங்களா?”

“ஆமாங்க” என்றார், கூசாமல்.

“ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு நாள் வரலாம்னு இருக்கறனுங்க. எப்ப வந்தா நல்லாருக்கும்?”

“ரெண்டு நாளைக்குக் காத்தும் இடியுமா இருக்குமுங்க. அப்புறம் குளுந்துரும். அப்ப வாங்க.”

“சரிங்க. நாளைக்கும் ஒருக்காக் கேட்டுக்கறேன்.”

மறுநாளும் அதே ஐந்தரை. அதற்கு மறுநாளும். பெயர் முத்தாயி. எந்த ஊர் என்று கேட்டதற்கு, “எனக்குச் சேலமுங்க” என்றார். நான்காம் நாள் மழையைப் பற்றிப் பேசி முடித்தபின்னும் அந்த அம்மாள் போனை வைக்கவில்லை.

“ஆபீஸ்ல சாப்பாடெல்லாம் போடுவாங்களா?”

“நானே பொங்கிக்குவனுங்க.”

“இன்னிக்கு என்னங்க?”

“ரசமுங்க.”

“வெறும் ரசந்தானுங்களா? எங்கூட்லயும் நான் ஒருத்திதானுங்க. ஒருத்திக்குன்னு கொழம்பு வெக்க நொம்ப சலிப்பா இருக்குது.”

அன்று ராத்திரி அவர் ரசத்தோடு ஒரு அப்பளமும் பொரித்தார். என்ன சமையல் என்று தன்னிடம் ஒருவர் கேட்டுவிட்டார் என்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

டிவி சொன்ன மழையும் குளிர்ச்சியும் வரவே இல்லை. ஐந்தாம் நாள் வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. ‘வாங்க’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் முத்தாயி வருவார், ஏரியைப் பார்ப்பார், இரண்டு பலாச்சுளை தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய்விடுவார். அப்புறம் ஏற்காட்டில் மழை பெய்தால் என்ன, மண் பெய்தால் என்ன? ஐந்தரை மணிக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, “இன்னும் ரெண்டு நாளைக்குக் காத்து இடிதானுங்க” என்றார்.

“அப்படீங்களா? நொம்ப இடிக்குதுங்களா?”

“ஐயோ, காது குடுக்க முடியலீங்க.”

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே நாளுக்கு இரண்டு அளவு எழுதாத ரைட்டர் அவர். முத்தாயிக்கு ஒரு வானம், நாமக்கல்லுக்கு ஒரு வானம் என்று வைக்க மனசாட்சி ஒப்பவில்லை. பொய்யை எல்லோருக்கும் சரிசமமாகச் சொன்னார்.

வாரம் முடிவதற்குள் ஊரே காலியானது. போன் போட்டுக் கேட்ட நாகலூர் விவசாயி சின்னன், பெருமழை வருகிறது என்று நம்பி, காயப்போட்டிருந்த ஈர மிளகை அள்ளி அறைக்குள் பூட்டினார். அது பூஞ்சணம் பிடித்தது. வேலுசாமி நேரில் வந்தார்.

“உங்க மழையில நான் கடையில ஈ ஓட்டிட்டு இருக்கறனுங்க. வானத்தைப் பாத்தா கண்ணு கூசுது. என்னதானுங்க சொல்றீங்க போன்ல?”

சரிசெய்யப் போனார். முத்தாயியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரிடமும், “மழையெல்லாம் முடிஞ்சுதுங்க, ஊரே குளுகுளுன்னு இருக்குது” என்றார். ரைட்டர் மனசாட்சி அன்றோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான்கு ஜில்லாக் கார்களும் மலையேறி, ஏரியிலிருந்து ஒண்டிக்கடை வரை அசையாமல் நின்றன. வெயில் மண்டையைப் பிளந்தது. கார்களுக்குள்ளிருந்தே வானிலை ஆபீஸுக்கு போன் போட்டு, அவருடைய பரம்பரையையே விசாரித்தார்கள். வேலுசாமியின் கடையில் தண்ணீர் தீர்ந்து, டீயும் நின்றது.

“பெயிண்டரை வரச் சொல்லிட்டேனுங்க. நாளைக்கு நம்பரை மாத்திருவான்” என்றார் வேலுசாமி. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சூசைமாணிக்கத்துக்கு வசவு வலிக்கவில்லை. நாளை நம்பர் மாறியது தெரிந்தால் முத்தாயி புது நம்பருக்குக் கூப்பிடுவார், வேறொருவர் போனை எடுத்து ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார் என்பதுதான் வலித்தது. அந்த அம்மாள் நம்பர் அவரிடம் இருக்கிறது. ஆனால் எந்த ஊர் வானிலை ஆபீஸ் தானாகக் கூப்பிட்டு, ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கும்?

ஐந்தரைக்கு போன் அடித்தது. பதினெட்டாவது நாள்.

“இன்னிக்கும் இடிங்களா?”

“இல்லீங்க. நாளைக்கு வாங்க. நல்லா இருக்கும். ரெண்டு மணி பஸ்ல வந்து ஒண்டிக்கடையில எறங்குங்க. ஆபீஸ்லருந்து ஒரு ஆளு வந்து நிப்பாருங்க.”

“வானிலை ஆபீஸ்ல அதெல்லாம் செய்வாங்களா?”

“எல்லாருக்கும் செய்யறதில்லீங்க.”

“சரிங்க, வர்றேன்” என்று மட்டும் கேட்டது.

மறுநாள் ஒரு மணிக்கே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒன்றரைக்கு மேற்கே கறுத்தது. இரண்டு மணிக்கு, பதினெட்டு நாளாக அவர் வாயால் வரவழைத்த இடியும் காற்றும் மொத்தமாக வந்து இறங்கின. தகரம் பறந்தது. கரண்ட் போனது. மலைப்பாதையில் சில்வர் ஓக் மரம் விழுந்து, சேலம் பஸ் பாதியில் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். முத்தாயி நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். டவரும் இல்லை.

பெயிண்டர் வராத போர்டின் கீழ் தொப்பலாக நின்றார். இத்தனை நாள் வெயிலில் வரவிடாமல் தடுத்து, இன்று புயலில் அந்த அம்மாளைக் கொண்டைஊசி வளைவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தன் வாயால் இன்னொருவரைக் கெடுத்தவனை என்னவென்பது? “உள்ளார வந்து நில்லுங்க” என்று வேலுசாமியே கூப்பிட்டும் நகரவில்லை. அந்த பஸ் வந்தால் போதும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவோம் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டார்.

நாலரைக்கு மழை விட்டது. ஐந்துக்கு பஸ் வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடைக்காரர்கள், ஒரு கல்யாணக் கூட்டம். தனியாக எந்தப் பெண்ணும் இறங்கவில்லை. பஸ் கிளம்பிப் போனது. கூடவே குளிர்ந்த காற்று வீச ஆரம்பித்தது. டிவியில் சொன்ன அதே குளிர்ச்சி, பதினாறு நாள் தாமதமாக. அவருக்குக் கண் கலங்கியது.

“வானிலை ஆபீஸுங்களா?”

அதே குரல். முதுகுக்குப் பின்னால், கிளியூர்ச் சரிவுப் பக்கமிருந்து. திரும்பினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள், கையில் தூக்குப்போசியோடு நின்றார். சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“நல்லபடியா வந்துட்டீங்களா?” சூசைமாணிக்கம் கை கூப்பினார். “மன்னிச்சுக்கோங்க. நான் ஆபீஸெல்லாம் இல்லீங்க. சொன்ன மழை அத்தனையும் பொய்யிங்க. எந்த பஸ்ல வந்தீங்க நீங்க?”

முத்தாயி தூக்குப்போசியை அவர் கையில் கொடுத்தார். உள்ளே குழம்பு இன்னும் சூடாக இருந்தது.

“பஸ்ஸுங்களா? நான் சரிவுல உங்க ஊட்டுக்கு மேல் ஊடுதானுங்க, நீங்க இடிக்குது மின்னுதுன்னு சொல்லச் சொல்ல, பதினெட்டு நாளும் வெயில்ல வடகம் காயப்போட்டுட்டேதான் கேட்டுட்டிருந்தேன்.”