முப்பத்தோராம் அத்தியாயத்தில் ஓடிய ரயில்

நான் படிக்காத ஒரு நாவலை நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதுவும் இரண்டு மாதம், நல்ல பெயரோடு.

தொண்ணூறுகளின் கடைசி. கணவருக்கு வங்கியில் மாற்றல் என்று கோயம்புத்தூரிலிருந்து புனே வந்திருந்தோம். அங்கே கோர்படி பகுதியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். "முதல் பருவத் தேர்வு முடியட்டும், நிரந்தரமாக்கலாம்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

பாடமாக ஒரு புகழ்பெற்ற பழைய ஆங்கில நாவலைக் கொடுத்தார்கள். (பெயர் சொல்லமாட்டேன். எழுதியவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.) நாற்பது அத்தியாயம், பொடி எழுத்து. ஐந்தாம் அத்தியாயம் வரை போனேன். அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் தூக்கம்தான் வந்தது.

வகுப்பிலும் நாற்பது பேர். ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்து, அதைக் கட்டம் கட்டமாகச் சித்திரக்கதையாக வரைந்து வரச் சொன்னேன். "படமா வரைஞ்சா கதை மனசுல நிக்கும்" என்று ஆசிரியர் அறையில் விளக்கம் வேறு. யார் மனதில் என்று யாரும் கேட்கவில்லை.

படங்கள் வந்தன. கதாநாயகி ஓர் அத்தியாயத்தில் கவுன் போட்டிருந்தாள். அடுத்ததில் மராட்டிப் பெண்கள் கட்டும் ஒன்பது கெஜப் புடவை. நாயகனுக்கு மீசை வருவதும் போவதுமாக இருந்தது. எனக்கென்ன? முறுக்கைக் கடித்துக்கொண்டே மூன்று மாலைகளில் அந்தப் படங்களிலேயே நாவலை முடித்தேன். தலைமையாசிரியை வந்து பார்த்து, புதுமையான முறை என்று பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். (அடக்கம் என்று நினைத்திருப்பார்.)

அதில் முப்பத்தோராம் அத்தியாயம் நிகில் என்ற பையனுடையது. நாயகனின் மாமா ஓடும் ரயிலிலிருந்து விழுந்து ஒரு காலை இழக்கிறார். சிவப்புப் பென்சில் தீரும்வரை ரத்தம். பிளாட்பாரத்தில் வடாபாவ் விற்கும் ஒரு தள்ளுவண்டி. என்ன கற்பனை வளம் என்று மூன்று நட்சத்திரம் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாகவே கேட்டேன்: மாமா காலை இழந்த ரயில் விபத்தை விவரி.

முதல் பெஞ்சிலிருந்து அனகா எழுந்தாள். "மிஸ், ரயில் எந்தப் பக்கத்துல வருது?"

"நல்லா யோசிச்சுப் பாரு, வரும்."

எல்லோரும் விபத்தை உருக்கமாக எழுதினார்கள். அனகா மட்டும் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'இந்த நாவலில் ரயில் இல்லை.' பூஜ்யம் போட்டேன். திமிர் என்று நினைத்தேன்.

விடைத்தாள் கொடுத்த மறுநாள், ராணுவத்தில் இருந்த அவள் அப்பா நாவலோடு வந்துவிட்டார். தலைமையாசிரியை அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். (பேச்சு முழுக்க ஹிந்தி. என் ஹிந்தியை உங்களுக்குத் தரமாட்டேன்.)

"ரெண்டு தடவை தேடிட்டேன் மேடம். மாமாவுக்குக் கடைசிவரைக்கும் ரெண்டு காலும் இருக்கு. அதோட, இந்தக் கதை நடக்கிற காலத்துல ரயிலே கிடையாது."

நிகிலை வரவழைத்தார்கள். அவன் வாங்கியது பழைய புத்தகம். அந்த அத்தியாயம் மட்டும் கிழிந்து போயிருந்ததாம். "சொல்ல பயமா இருந்துச்சு. நானே ஒரு கதை கட்டிட்டேன்" என்றான். காதெல்லாம் சிவந்திருந்தது.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "இவன் உங்களை ஏமாத்தியிருக்கான். அப்படித்தானே?"

ஆமாம் என்றால் வேலை தப்பிக்கும். அவனைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவனின் முகம். எனக்கும் அப்போது அதே முகம்தான் இருந்திருக்கும்.

"இல்ல மேடம். நானும் படிக்கலை."

"முப்பத்தொண்ணாவது அத்தியாயமா?"

"ஆறாவதுல இருந்து... எதையுமே."

ராணுவக்காரர் திடீரென்று இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. தீபாவளி விடுமுறையில் நாவலை முழுக்கப் படித்து, அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நிகிலுக்கும் அதே தண்டனை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அனகாவிடம் மன்னிப்புக் கேட்டு, பத்துக்குப் பத்து போட்டேன்.

உண்மையான முப்பத்தோராம் அத்தியாயத்தில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறார், அவ்வளவுதான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். கணவர் பதறி ஓடிவந்து விஷயம் தெரிந்ததும் சொன்னார்: "இத்தனை நல்லா இருக்குதல்ல, மொதல்லயே படிச்சிருந்தா ஆகாதா?"

அடுத்த வருடம் வேலை நிரந்தரமாயிற்று. இப்போது புனேயிலேயே வாகட் பகுதியில் இருக்கிறோம். இங்கேயே வளர்ந்த என் மகளுக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். ஒரு வாக்கியம் மட்டும் பிசிறில்லாமல் வரும். போன வாரம் குடியிருப்புச் சங்கத்தின் சுற்றறிக்கையில் இரண்டு வரி மட்டும் பார்த்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவளிடம் விதிமுறை பேசிக்கொண்டிருந்தேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, மாமாவுக்குக் கால் இருக்கா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.