பாப்பமும் என் ஐந்தடி எட்டும்

இந்த உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் நிம்மதியாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பாப்பம்தான். அடுத்த ரயில் நான்கு நிமிடத்தில் வரும் என்று அறிவித்தால் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரத்த அழுத்தம் இருக்கிறது என்று சொன்ன டாக்டரின் கையிலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்து, கருவி சரிதான் என்று தெரிந்த பிறகுதான் மாத்திரை வாங்கினார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டுக்கு வெளியே அது புழங்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். எதைக் கேட்டாலும் முதல் பதில் "பாப்பம்" என்பதுதான்; 'பார்ப்போம்' என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரர்களும் அதுவே பெயர் என்று நினைத்து 'மிஸ்டர் பாப்பம்' என்றார்கள்.

சிட்னியின் மேற்கே, பரமட்டாவில் எங்கள் அலுவலகம். வக்கீல் வைக்க வசதியில்லாமல் வழக்கில் மாட்டியவருக்கு அரசு ஒரு வக்கீலைக் கொடுக்கும். போலீசுக்கு ஆய்வுக்கூடம் உண்டு, ஆள் உண்டு, ஜீப் உண்டு. இந்த வக்கீலுக்கு ஒரு பேனா உண்டு. எனவே "துப்பறிய ஒருவர் வேண்டும், நிபுணர் ஒருவர் வேண்டும்" என்று எங்களுக்கு விண்ணப்பம் போடுவார். நாங்கள் பட்டியலைப் பார்த்து ஆள் ஏற்பாடு செய்வோம், அல்லது முடியாது என்போம். உட்கார்ந்து செய்கிற வேலை. உட்காருவதில் நான் கெட்டிக்காரன். பாப்பத்துக்கு அது வரவே வராது.

கார் டிக்கிக்குள் இருந்தவனுக்கு முன்சீட்டுப் பேச்சு கேட்டிருக்குமா என்று சொல்ல ஒலி நிபுணர் வேண்டும் என ஒரு வக்கீல் கேட்டார். படிவத்தில் 'சரி' என்று எழுதினால் போதும். பாப்பம் மேலாளரின் காரில், மேலாளரை ஓட்டச் சொல்லிவிட்டு, டிக்கிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார். நான் முன்சீட்டில். கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து திறந்தபோது சட்டையைத் தட்டிவிட்டபடி இறங்கினார்.

"கேக்குது. என்னை விசரன் எண்டு அவர் சொன்னதும் கேட்டது, நீர் சிரிச்சதும் கேட்டது."

இன்னொரு முறை ரத்தத் துளி நிபுணர் கேட்டு விண்ணப்பம். துளி எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று பார்க்க, மனைவி கட்டிக்கொடுத்த பீட்ரூட் கறியை அலுவலகத்துச் சமையலறைச் சுவரில் வீசிப் பார்த்தார். துப்புரவு செய்ய வந்த பெண் கதவைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள், வேலையை விட்டாள்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன்.

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் திருட்டு. அங்கே வேலை பார்த்த ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கேமராவில் முகம் தெரியவில்லை. தொப்பி போட்ட ஒருவன் வேலியோரம் நிற்பது மட்டும் தெரிகிறது. வேலியை அளந்து, படத்தை வைத்துக் கணக்குப் போட்டு, திருடனும் இவரும் ஒரே உயரம் என்று போலீஸ் தரப்பு நிபுணர் எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சரிபார்க்க எங்களுக்கும் ஒரு நிபுணர் வேண்டும் என்று வக்கீல் கேட்டார். பட்டியலில் நல்லவராகப் பார்த்து ஒருவரை அமர்த்தினேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை வழக்கு. முந்தின வியாழன் காலை அந்த நிபுணரிடமிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல். போலீசுக்கு அந்த அறிக்கையை எழுதியதே தான்தான் என்றும், தன்னையே தான் மறுத்துப் பேசுவது கொஞ்சம் சிரமம் என்றும் சொல்லியிருந்தார். அவர் பெயர் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. நான் முதல் பக்கத்து ஆசாமி.

வேறு நிபுணர் கிடைக்க வாரக்கணக்காகும். வழக்கு தள்ளிப்போனால் அந்த மனிதர் இன்னும் பல மாதம் சிறையில் கிடப்பார். என்னால்.

பதற்றம் வந்தால் நான் மேசை துடைப்பேன். அன்று என் மேசையைத் துடைத்து, பக்கத்து மேசையைத் துடைத்து, பாப்பத்தின் மேசைக்கு வந்து, அவர் முழங்கையையும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, ஆரைச் சாக்காட்டினீர்?"

சொன்னேன். வக்கீல் அனுப்பிய கேமராப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பாப்பம்" என்றார். பிறகு, "உம்மட உயரம் என்ன?"

"ஐந்தடி எட்டு, சார்." என் கல்யாண விளம்பரத்திலேயே அச்சான உயரம்.

என்னைக் கோப்பு அலமாரியோடு சேர்த்து நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு, டேப்பை இழுத்தார். "ஐஞ்சடி ஆறரை. நல்லதாப் போச்சு. பிடிபட்ட ஆளும் அவ்வளவுதான்."

இருபது வருட இல்லறம் ஒரு கோட்டில் ஆட்டம் கண்டது. அதற்குத் துக்கம் கொண்டாடுவதற்குள், மதிய உணவு நேரத்தில் என்னை ரயிலேற்றி செவன் ஹில்ஸ் கொண்டுபோய்விட்டார்.

நடைபாதையில், படத்தில் திருடன் நின்ற அதே இடத்தில் என்னை நிறுத்தினார். படத்தில் திருடனின் தலை வேலியின் மேல் குறுக்குக் கம்பிக்குச் சரியாக இருந்தது. என் தலையும் அதே கம்பிக்குச் சரியாக இருந்தது.

"அப்போ அவர்தான் செஞ்சிருக்கார், சார்" என்றேன். தப்புச் செய்தவனுக்கு வருகிற கேவலமான நிம்மதி ஒன்று உண்டு. எனக்கு அது வந்தது.

அதற்குள் கிடங்கின் காவல் வேலையில் இருந்த பெண் வந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டு, தமிழிலேயே ஆரம்பித்தாள். மதுரைப் பக்கத்துக் குரல்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி வேலியச் சுத்திச் சுத்திப் பாக்குறீங்க?"

பாப்பம் அவளைக் கவனிக்கவில்லை. படத்தையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, படத்தில மூண்டு குறுக்குக் கம்பி. இஞ்ச இரண்டுதான் நிக்குது. வேலிக்குக் கால் எங்க போயிட்டுது?"

அவள் சிரித்தாள். "மண்ணுக்குள்ள போயிருச்சு சார். திருட்டு நடந்ததுக்கப்புறம் ஒரு மழ. உள்ள பூராத் தண்ணி. அதான் இந்த ஓரம் பூரா கான்கிரீட்டப் போட்டு ஒசத்திட்டாங்க."

நிபுணர் வந்து அளந்தது அதற்குப் பிறகுதான் என்பதும் அவள் சொல்லித் தெரிந்தது. உயர்ந்த தரையில் நின்ற குட்டை வேலியை அளந்து, பழைய தரையில் நின்ற நெட்டைத் திருடனைக் குட்டையாக்கியிருக்கிறார். நான் அந்த மேட்டின்மேல் நின்றுகொண்டு ஓர் அப்பாவியைத் திருடனாக்கிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வழக்கைத் தொட உரிமை கிடையாது. நாங்கள் பார்த்தது சாட்சியும் ஆகாது. பாப்பம் ரயிலில் வரும்போதே வக்கீலைக் கூப்பிட்டு, போனது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டு, முறையாகத் துப்பறிபவர் ஒருவரைக் கேட்டு விண்ணப்பம் போடச் சொன்னார். அது வந்து சேர்ந்ததும் நான் இரண்டு பக்கத்தையும் மும்முறை படித்தேன். வெள்ளிக்கிழமை துப்பறிபவர் போய்ப் படமெடுத்து, கான்கிரீட் போட்டவரிடம் எழுதி வாங்கினார். திங்களன்று அதே நிபுணர், நேர்மையான மனிதர், கணக்கைத் திருப்பிப் போட்டார். திருடன் ஆறடிக்குக் கிட்ட. வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். சாயங்காலம் அந்த மனிதர் வீட்டுக்குப் போனார். எங்களை அவருக்குத் தெரியாது.

மேலாளருக்குத் தெரிந்துவிட்டது. கூட யார் போனது என்று கேட்டார். வேறு எவராயிருந்தாலும் தனியாகத்தான் போனேன் என்றிருப்பார். பாப்பம் என் பெயரை எழுத்துக்கூட்டியே சொன்னார். ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"ஏன் சார், என்னை விட்டிருக்கக் கூடாதா?"

"நீர் வந்தனீர்தானே? இல்லாததை எப்பிடிச் சொல்லுறது?"

போன வருடம் ஓய்வுபெற்று, மகள் குடும்பத்தோடு இருக்க மெல்போர்ன் பக்கம் கிரான்பர்னுக்குப் போய்விட்டார். பிரியாவிடையில் பேசச் சொன்னோம். ஒலிபெருக்கி பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் கேக் தீர்ந்துவிட்டது.

மறுநாள் கோப்பு அலமாரியைத் திறக்கப் போனேன். பழைய பென்சில் கோடு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக, அவருடைய சின்னக் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. அதன் கீழே, "ஐந்தடி எட்டு. அளந்து பார்த்தது" என்று எழுதிக் கையொப்பமும் போட்டிருந்தார்.

அதை மட்டும் நான் டேப் வைத்துப் பார்க்கவில்லை.