மாமாவின் தோப்பில் நான் நடத்திய சட்ட வகுப்பு

வீட்டில் ஒருவர் படித்தால் அந்தப் படிப்பு குடும்பச் சொத்து. கம்ப்யூட்டர் படித்த பையன்தான் சொந்தக்காரர்கள் வீட்டு டிவிக்கெல்லாம் பொறுப்பு. நர்சிங் படித்த பெண்ணிடம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். நான் தென்காசியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். பட்டுப்புடவையில் சாம்பார் கொட்டினால் மட்டும் போன் வரும். மற்றபடி நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்த நிம்மதி பொறுக்காமல் சட்டத்தில் முதுகலைப் படிப்புக்குப் பணம் கட்டினேன். தபால் வழிப் படிப்பு. சட்டத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர்களும் சேரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். (அஸ்திவாரம் இல்லாமல் நேராக மாடி கட்டுகிற வேலை. எனக்கு அது அப்போது பெரிய சலுகையாகத் தெரிந்தது.) முடித்தாலும் கறுப்புக் கோட்டு போட முடியாது, கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. அறிவு வளரும், அவ்வளவுதான். வீட்டில் இதையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணபதி மாமா லட்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஐந்தருவி போகிற ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. அருவியில் குளிக்கச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அதில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். தோப்பின் நடுவே ஒரு வண்டிப்பாதை. பின்னால் இருந்த பேச்சிமுத்து அண்ணாச்சியின் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிய டிராக்டர் அதன் வழியாகத்தான் ரோட்டுக்கு வரும். வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போகலாமே என்றார் மாமா. மழை பெய்தால் அங்கே டிராக்டர் புதைந்துவிடும் என்றார் அண்ணாச்சி. பேச்சு முற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரப்பும் தோப்பிலேயே உட்கார்ந்து பேசி முடிப்பது என்று ஏற்பாடாயிற்று.

மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் கூப்பிடாவிட்டாலும் நான் போயிருப்பேன். அந்த வாரம்தான் பாதைப் பாத்தியம், அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்வரும் உரிமை பற்றிய பாடத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். பத்திரத்தில் இல்லாத பாதை பாதையே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். வெள்ளைக் காட்டன் புடவையும் கறுப்பு ரவிக்கையுமாகக் கிளம்பினேன். தோப்பில் இறங்கியதும் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்து, யார் செத்துப்போனது, எந்த வீட்டுத் துஷ்டிக்குப் போய்விட்டு வருகிறாய் என்று கேட்டாள்.

தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளியே சாரல். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், அண்ணாச்சி, அவருக்குப் பக்கத்தில் அவருடைய மருமகன். இந்த மருமகன் செங்கோட்டைக்காரர், நிஜமான வக்கீல். ஆனால் சாதாரண கட்டம் போட்ட சட்டையில் வந்திருந்தார். அன்று வக்கீல் மாதிரி இருந்தது நான் மட்டும்தான்.

டீ வந்ததும் மாமா எழுந்தார். "இந்தா இருக்கால்லா, என் அக்கா மவ. சட்டத்துல பெரிய படிப்பு படிக்கா. இவ சொல்லுததுதான் சட்டம். எனக்குப் பாதகமா சொன்னாலும் நான் கட்டுப்படுதேன்."

பாதகமாக ஏன் வரப்போகிறது என்ற தைரியம்தான். அண்ணாச்சியும் சம்மதித்தார். மருமகன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்த ஆட்களைப் பார்த்ததும் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். எந்தப் பாடமானாலும் விதியைச் சொன்னால் விதிவிலக்கையும் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பத்திரத்தில் இல்லாத பாதைக்கு உரிமை இல்லை என்றேன். மாமா தலையாட்டினார். அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "ஆனால்," என்றேன்.

ஒருவர் ஒரு பாதையில் வெளிப்படையாக, தகராறு இல்லாமல், தொடர்ந்து இருபது வருஷம் போய் வந்தால் அது அவருக்கு உரிமையாகிவிடும் என்று விளக்கினேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. பாடம் புரிந்ததா என்று பார்க்கக் கேள்வி கேட்பது என் வழக்கம்.

"அண்ணாச்சி, நீங்க எவ்வளவு காலமா இந்தப் பாதையில போறீங்க?"

"எங்க அப்பா காலத்துல இருந்து போறோம் டீச்சர்."

"ஒளிஞ்சு மறைஞ்சு போனீங்களா?"

"டிராக்டர்ல எங்கன ஒளிய?"

"யாராவது மறிச்சாங்களா?"

"ஒரு நாளும் இல்ல."

ஒவ்வொரு பதிலுக்கும் "வெரி குட்" சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். இவ்வளவு கச்சிதமாகப் பதில் சொல்லும் மாணவர் என் வகுப்பில் ஒருவர்கூட இருந்ததில்லை.

நடுவில் மாமா எழுந்து என்னவோ சொல்லப் பார்த்தார். வருஷா வருஷம் சித்திரையில் முதல் தேங்காய் வெட்டுக்கு முன்னால் அண்ணாச்சி ஒரு வாழைத்தாரும் வெற்றிலையும் கொண்டுவந்து மாமா வீட்டில் வைத்து, இந்த வருஷமும் வண்டி போய்க்கிடட்டுமா என்று கேட்பார். மாமாவும் போ என்பார். அவர்கள் அப்பாமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். மாமா சொல்ல வந்தது அதைத்தான். "மாமா, வாழைத்தாரெல்லாம் இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, உக்காருங்க" என்று நான் அடக்கிவிட்டேன். வகுப்பில் குறுக்கே பேசினால் எனக்குப் பிடிக்காது.

கடைசியில், ஆகவே பாதை அண்ணாச்சிக்கு உரிமையானது என்று நிரூபித்து முடித்தேன். அத்தை டீ டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் யார் பக்கம் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது.

 மாமா, "சரிய்யா, பாதை கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போவதுபோல எழுந்து போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

கிளம்பும்போது மருமகன் என் ஸ்கூட்டி வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அன்று அவர் பேசியது இது ஒன்றுதான்.

"மேடம், கேட்டு வாங்கிப் போனா அது பாத்தியம் ஆகாது. எத்தனை வருஷம் போனாலும் ஆகாது. எங்க மாமனார் வருஷா வருஷம் வந்து கேட்டாவல்லா, அந்த வாழைத்தார்தான் உங்க கேஸு. நான் அதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால், நான் நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கம் முழுக்க அதுதான். அனுமதி வாங்கிப் போனால் உரிமை இல்லை. தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். ஈரப்புடவையோடு அதே ஸ்கூட்டியில் மாமா வீட்டுக்குப் பறந்தேன். நான் சொன்னது தப்பு, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நாளைக்கே திரும்பக் கூட்டி வைத்துப் பேசலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

மாமா துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "தலையைத் தொவட்டு. இவ சொல்லுததுதான் சட்டம்னு அத்தனை பேரு முன்னால சொல்லிட்டேன். இப்பம் போயி, என் மருமவளுக்குச் சட்டம் தெரியாதுய்யான்னு சொல்லவா? அது நம்மால ஆகாது."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அறைகள் கட்டும் ஆசையைவிட என் பெயர் அவருக்குப் பெரிதாக இருந்ததே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும். அத்தைக்கு அப்படியெல்லாம் அடைக்கவில்லை. இனி சட்டம் பேசுவதாக இருந்தால் வாசலோடு போய்விடு என்றாள்.

பாதைக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி மாமா இரண்டே அறைகள் கட்டினார். நானும் தட்டுத்தடுமாறிப் பட்டம் வாங்கினேன். அச்சன்புதூர் சொந்தக்காரர்கள் வரைக்கும் கதை பரவிவிட்டது. எங்கே வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு என்றாலும் பேச்சு கடைசியில் என்னிடம்தான் வந்து சிரிப்பில் முடியும்.

போன சீசனில் மாமா பழங்களோடு வீட்டுக்கு வந்தார். அவருடைய ரோட்டோரக் கடையை வாடகைக்கு எடுத்தவன் காலி செய்ய மாட்டேன் என்று மல்லுக்கட்டுகிறானாம், நான் வந்து பேச வேண்டுமாம். இத்தனைக்கும் பிறகு என்னை நம்பி வந்திருக்கிறாரே என்று உருகிப்போய், வரும் ஞாயிறே வருகிறேன் மாமா, இந்தத் தடவை எல்லாப் பக்கமும் படித்துவிட்டு வந்து உங்கள் பக்கத்திலேயே உட்காருகிறேன் என்றேன்.

மாமா பதறிப்போய்க் கையை ஆட்டினார். "என் பக்கத்துல எதுக்குட்டி? நீ அவன் பக்கம் போயி உக்காரு."